பாடுகள் இல்லாத படம்

படத்தில் சிப்பாய் சாட்டையை ஓங்கினான். அவ்வளவுதான், டி.வி.யில் புள்ளி புள்ளியாக மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது.

முத்தலிப் நானா எழுந்து போய், சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி.க்கு முன்னால் நின்றார். வீடியோ டெக்கில் எதையோ அமுக்கினார், தட்டினார், ஊதினார். மறுபடி படம் வந்தபோது இயேசுநாதர் வெள்ளை உடுத்தி, திறந்த கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சாட்டையடி இல்லை. சிலுவையும் இல்லை, ஆணியும் இல்லை.

"என்ன உபதேசியாரே, ஒங்க சாமி சாகாமலே உயிர்த்துட்டாரா?" என்று பின்னாலிருந்து செல்லச்சாமி கேட்டார். மாதா கோயில் முழுக்கச் சிரித்தது.

உபதேசியார் நல்லையாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெரிய வெள்ளியும் அதுவுமாகச் சிரிப்பு!

பாவம், இந்த ஒரு நாளுக்காக மனிதர் ஒரு வருஷம் அலைந்திருந்தார். மாத்தளை ஃபாதரிடம் நச்சரித்துத் தமிழ் கேசட் வரவழைத்து, உக்குவளையில் வீடியோ கடை வைத்திருக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முத்தலிப்பைப் பிடித்து, டி.வி., டெக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அவர் வேனிலேயே தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றி வரச் செய்து, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் இந்துக்களையும் கூப்பிட்டிருந்தார். இருபது வருஷமாக ஆண்டவரின் பாடுகளை வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். கண்ணால் பார்த்தாலாவது அழுவார்கள் என்று நம்பினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

பின்னுக்கு ஓட்டிக் காட்டச் சொன்னார். டெக் மக்கர் பண்ணுகிறது, ஓட்டினால் ஃபாதருடைய கேசட் அறுந்துவிடும் என்றார் முத்தலிப்.

மக்கராவது மண்ணாவது. நல்லையாவுக்குக் காரணம் தெரியும். போன கிறிஸ்மஸ் நத்தாருக்குப் பிளேன்டீ குடித்துக்கொண்டே முத்தலிப்தான் சொன்னார், தங்கள் வேதமான கித்தாபில், ஈஸா நபி என்று அவர்கள் சொல்லும் இயேசுவைச் சிலுவையில் அறையவே இல்லை என்று. அன்றைக்கு வாயால் சொன்னதை இன்றைக்குக் கையால் செய்து காட்டிவிட்டார்.

சனங்கள் கலைந்ததும் நல்லையா நேரே போனார். முத்தலிப் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, ஒங்க நம்பிக்கை ஒங்களுக்கு. எங்க ஆண்டவர் பட்ட பாட்டை மறைக்க ஒங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா?"

முத்தலிப் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நல்லையாவுக்கு இன்னும் ஏறியது. நாளைக்கே ஃபாதருக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். இனி இந்தப் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றிலும் நானாவின் டெக் ஓடாது, திருநாளுக்கும் ஓடாது என்றார்.

"எழுதுங்க," என்றார் முத்தலிப். பிறகு வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "முன் பாயில ராசம்மாவ ஒக்கார வச்சது யாரு?"

"நான்தான்."

பெருமையாகவே சொன்னார். ராசம்மா இந்து வீட்டுக்காரி. மகனை ஆமிக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு மாதம் கழித்துப் பெட்டியாகத்தான் கொடுத்தார்கள். அந்த எண்பத்தொன்பதாம் வருஷத்தில் அப்படி எத்தனையோ பெட்டிகள். அடக்கம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மாதா பட்ட துயரத்தைப் பார்த்தால் அவளுக்கும் மனசு ஆறும் என்று நல்லையா தானே போய்க் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"அந்த மகனை மாத்தளையில இருந்து கொண்டு வந்தது என்ட வேன்ல."

அது நல்லையாவுக்கும் தெரியும். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. ஆணி அடித்த பெட்டியைக் கட்டிக்கொண்டு ராசம்மா அழுததைத் தோட்டமே பார்த்தது.

"ஆணி அடிக்க முந்தி நான் பார்த்தேன், உபதேசியாரே. தூக்கி வைக்க ஆள் இல்லன்னு என்னையும் கூப்பிட்டாங்க. அந்தப் புள்ளட முதுகு..." முத்தலிப் அணைந்து கிடந்த டி.வி.யைக் காட்டினார். "ஒங்க படத்துல அடுத்ததா வர இருந்தது, அதுதான்."

நல்லையா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே, நானா."

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. வழி நெடுக அந்தத் தாய் ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டு வந்தாங்க. எம்புள்ள ரொம்ப வேதனைப்பட்டானா நானா, நீங்க பாத்தீங்களான்னு. இல்லம்மா, தூங்குற மாதிரி இருந்தான்னு சொல்லி ஈக்கிறேன். அதை நம்பித்தான் ஒரு வாய் சோறு திங்குறாங்க."

பேச்சு அதோடு நின்றது. பாய்களை மடித்து வைக்க ராசம்மாவே உள்ளே வந்துகொண்டிருந்தாள். இரண்டு பாயை மடித்து ஓரமாக வைத்தாள். மூன்றாவது பாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"உபதேசியாரே, நடுவுல படம் தெரியாமப் போச்சே. அந்தச் சாமி... சாகும்போது ரொம்ப வேதனைப்பட்டாரா?"

முத்தலிப்பின் கை வயரில் அப்படியே நின்றது.

இருபது வருஷமாகப் பெரிய வெள்ளிதோறும் ஆண்டவர் மேல் விழுந்த ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணிச் சொல்லி வந்த உபதேசியார் நல்லையா, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இல்ல தாயி. தூங்குற மாதிரி போயிட்டாரு."