நானூறு தைலமரக் கன்றுகள்

"முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு செத்துப்போச்சு. மிச்சம் ரெண்டு. அதுவும் இன்னைக்கோ நாளைக்கோ" என்று காய்ந்த குச்சி ஒன்றை மண்ணோடு பிடுங்கி எறிந்தார் தெமிஸ்ஸே.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பிர்க்கே தலைகுனிந்து நின்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெமிஸ்ஸே அடிஸ் அபாபாவிலிருந்து வந்தவர். மலையில் நட்ட கன்று பிழைத்ததா, போய்ச் சேர்ந்ததா என்று எண்ணி மேலே எழுதிப்போடும் கண்காணிப்புக் குழுவில் பெரிய அதிகாரி. இந்தச் சரிவில் மூன்று வருடமாக, வருடத்துக்கு நானூறு நட்டார்கள். மூன்று வருடமும் சொல்லிவைத்தாற்போல் எல்லாம் செத்தன.

"தைலமரம் பாறையில போட்டாலே பிடிச்சுக்கும். இங்க மட்டும் என்ன கேடு? இந்தம்மா தண்ணி ஊத்துறாங்களா, இல்ல ஊத்துறதா நீ எழுதுறியா?" என்று உள்ளூர் விவசாய அலுவலன் சிசாய் மீது பாய்ந்தார். சிசாயும் பிர்க்கேயின் ஊர்க்காரன்தான்.

"ஐயா, வீட்டுல சாப்பிட இஞ்செரா ரொட்டி சுட மறந்தாலும் மறப்பாங்க, தண்ணி ஊத்த மறக்க மாட்டாங்க. நோன்பு நாள்லகூட வெறும் வயித்தோட மலை ஏறுறாங்க. ஊரையே கேட்டுப் பாருங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. இப்போதும் பிர்க்கேயின் கையில் மூடி போட்ட தகரக் கேன் இருந்தது. சால்வை நுனியை நாலாக மடித்துக் கைப்பிடியில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

தெமிஸ்ஸேயின் கையெல்லாம் மண். இரண்டு கையையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார். "கொஞ்சம் ஊத்துங்கம்மா, கழுவிக்கிறேன்."

பிர்க்கே இரண்டடி பின்னால் போனாள். "மன்னிக்கணும் ஐயா. செடிக்குன்னு கொண்டாந்தது. இதுல கை கழுவவிட்டா எனக்குத்தான் பாவம்."

அதிகாரி உருகிப்போனார். கால்சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா சிசாய், நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரே ஒரு ஆளு இருந்தா நாடு எப்பவோ பச்சையாயிருக்கும்" என்றார். சிசாய் எதிர்மலையில் என்னத்தையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பிர்க்கேக்கு இந்தச் சரிவுதான் பிழைப்பு. அவளுடைய ஒரு மாடும் ஆறு ஆடும் வாய் வைக்க ஊரில் வேறு இடம் கிடையாது. மரம் வந்தால் மண் நிற்கும், மண் நின்றால் புல் செழிக்கும் என்று போன வருடம் இதே தெமிஸ்ஸேதான் இங்கே நின்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுப் போனார்.

"கீழ்ச்சரிவைப் பாருங்க. அங்க நட்டதுல ஒண்ணுகூட வீணாகல. இப்ப முழுக் காடு" என்றார் அவர்.

"ஆமா ஐயா, நல்லா வளர்ந்துச்சு. வருஷத்துல ஒரு வாரம் புல்லறுக்க உள்ள விடுறாங்க. மத்த நாள்ல வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்குவேன். அப்ப எங்கிட்ட நாலு மாடு இருந்துச்சு."

அதிகாரிகளின் காதே தனி. அவர் காதில் 'நல்லா வளர்ந்துச்சு' என்பது மட்டும் விழுந்தது.

ஒரு பாறையில் உட்கார்ந்து, முழங்கால் மேல் தாளை வைத்து நீளமாக எழுதினார். பிர்க்கேக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா எழுதுறீங்க?"

"இனி இங்க கன்னு நட மாட்டோம்மா. மூணு வருஷம் பாத்தாச்சு. உங்க மேல குத்தமில்ல, மண்ணு மேலதான் குத்தம்னு எழுதிட்டேன்."

சிசாயின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. "அப்ப சரிவு ஊருக்கே திரும்பிடும், இல்லையா ஐயா? சுற்றறிக்கையில அப்படித்தானே போட்டிருக்கு?"

"அது பழைய சுற்றறிக்கைப்பா. இப்ப மரம் பிடிச்சா காடு, பிடிக்கலேன்னா தரிசு. தரிசை எதுக்குச் சும்மா போட்டு வைக்கணும்? கல் உடைக்கிற கம்பெனிக்காரங்க ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்காங்க. திங்கக்கிழமை வெடி வைக்க ஆள் வந்துடும்."

பிர்க்கே சரிவின் மேல்முனையைப் பார்த்தாள். அவளுடைய ஆடுகள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன. "என் ஆடு மாடெல்லாம் எங்கய்யா போகும்?"

"அது நம்ம குழுவுல வராதும்மா. கால்நடைக்காரங்ககிட்ட ஒரு மனு குடுத்துப் பாருங்க." பிறகு அவருக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். "ஒரு விதத்துல உங்களுக்கு நல்லதுதான். இந்தக் கேனைத் தூக்கிட்டு மலை ஏற வேண்டாம். வீட்டுல நிம்மதியா காப்பி போட்டுக் குடிங்க."

கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி இறங்கினார். சிசாய் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் வேலையும் போகும்.

பிர்க்கே கேனைப் பாறைமேல் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இன்னும் ஒரே ஒரு வருஷம் நடுங்க. இந்தத் தடவை பச்சைத் தண்ணியே ஊத்துறேன்."