இருபது வாட்

பல்பு பளிச்சென்று எரிந்தது. அளவுமானியின் முள் இருபது வாட்டில் போய் நின்றதும் கனிசியஸ் திருகாணியிலிருந்து கையை எடுத்தான்.

கரையில் கதைப்பதை வாங்கி, வலுவாக்கிக் கடலுக்கு அனுப்பும் பெட்டி அது. 1984 ஆவணியில் குருநகர் மீனவர் சங்கத்துக்கு வந்தது. கார்த்திகைக்குள் வலு குறைந்துவிட்டது. காலையிலிருந்து அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தான்.

"தம்பி கனிசியஸ்!"

மக்டலீன் ஓடிவந்தாள். பின்னால் மருமகள் யசிந்தா, அதற்குப் பின்னால் அரைத் தெருச் சனம்.

"புயலாம் மோனை. பொழுதுபட முன்னம் அடிக்குமாம். என்ரை பிள்ளை வெளிக்கடலிலை!"

மற்ற வள்ளங்கள் கரையேறிவிட்டன. அவளுடைய மகன் யாகோப்பு மட்டும் தனியே போயிருந்தான். கைநீட்டுவான் என்று அவனோடு தொழிலுக்குப் போக ஆட்கள் வருவதில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா. அவரிட்டைச் சின்னப் பெட்டி இருக்கு. நாங்கள் சொல்லுறது கேக்கும். அவர் கதைக்கிறதுதான் இஞ்சை எட்டாது."

"அப்ப இவள் கதைக்கட்டும். பெண்சாதி கூப்பிட்டால்தான் உவன் வருவான்."

யசிந்தாவின் வலது கையில் கட்டு. கிணற்றடியில் வழுக்கியதாம். போன மாதமும் கிணற்றடிதான்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மற்றக் கை இருக்குத்தானே, அமத்து!"

யசிந்தா இடக்கையால் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினாள். பல்பு எரிந்தது.

"இஞ்சாருங்கோ, புயல் வருகுதாம். வலையை அறுத்துவிட்டிட்டு உடனை திரும்புங்கோ. உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

அழுதழுது மூன்று தரம் சொன்னாள். வாசலில் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"என்ன இருந்தாலும் அவளுக்கு அவனிலை உயிர்," என்றாள் ஒருத்தி.

"காணும், கேட்டிருப்பான்." மக்டலீன் செபமாலையை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யசிந்தா மட்டும் நின்றாள்.

பெட்டியை மூடப்போன கனிசியஸ் திகைத்துப்போனான். வலுவை அளப்பதற்காக, பேச்சைக் கடலுக்கு அனுப்பும் வான்கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் பல்பைப் பூட்டியிருந்தான். கழற்றிய கம்பி மேசையிலேயே கிடந்தது.

"ஐயோ அக்கா, பிழை விட்டிட்டன்! நீங்கள் கதைச்சதெல்லாம் உந்தப் பல்போடை நிண்டிட்டுது. கடலுக்கு ஒரு சொல்லும் போகேல்லை." கம்பியை எடுத்தான். "ஒரு நிமிசம், பூட்டிறன். இன்னொருக்கால் கதையுங்கோ. இன்னும் நேரமிருக்கு."

யசிந்தா கண்ணைத் துடைத்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையிலிருந்த கம்பியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. மாமி கேட்டது காணும்."