அடுத்த கம்பு

“கடப்பாரையோட வர்றாங்க சார்!” வாட்ச்மேன் நாராயணசாமி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

புருஷோத்தமன் கடல் பக்கத்து கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்தார். குப்பத்து ஜனங்கள் கடலுக்குப் போகிற பாதையையும் உள்ளே தள்ளித்தான் இந்தப் புது வீட்டுக்கு மதில் எழுப்பியிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். பத்திரிகைகூட அடித்தாயிற்று.

நாராயணசாமியோடு மாடியேறிப் பார்த்தார். ஒரு வாரமாகவே இந்தக் கூத்து. ஓவியம் படித்த அரீபா என்ற பெண் ஊருக்குள் சாரம் பகுதியிலிருந்து தினமும் வந்து, குப்பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கடலிலிருந்து இவர் மதிலை நோக்கி வரிசையாகச் சவுக்குக் கம்பு நட்டாள். கேட்டால் கலையாம். ஊர் ஜனமெல்லாம் கரைக்கு வந்து பார்ப்பதற்காம். யாருக்குக் காது குத்துகிறாள்?

ஒவ்வொரு கம்பிலும் சிவப்பில் எண். 92-க்குத் தலை மட்டும் அலைக்கு மேல் தெரிந்தது. அப்புறம் 95, 98, 01, 04. மதிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஈர மணலில் 07.

“எல்லாம் சர்வே நம்பருடா. பழைய சர்வே, மறு சர்வே ரெண்டையும் கலந்து எழுதி வச்சிருக்கா. பொறம்போக்குன்னு கண்டுபுடிச்சிட்டா!”

“கோர்ட்டுக்குப் போவாங்களா சார்?”

“போனா வூடே நிக்காது.”

கடல் பக்கத்து கேட் தடதடத்தது.

“தொறங்க சார். அடுத்த கம்பு உள்ளதான் வருது.” அரீபாவின் குரல்.

“வழிய மறிச்சி எத்தினி நாளைக்கிய்யா பூட்டி வைப்ப?” என்று மீன்காரி செல்வாம்பாள் கத்தினாள்.

வீடு தப்பினால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. இறங்கிவந்து, தானே கேட்டைத் திறந்தார்.

“ஆறடி வழி வுட்டுடறேம்மா. எல்லாரும் தாராளமா கடலுக்குப் போவட்டும். வூட்ட மட்டும் தொடாதீங்க.”

பெண்கள் கைதட்டினார்கள். அரீபா மட்டும் சிரிக்கவில்லை. 04-க்கும் 07-க்கும் நடுவில் அளந்த கயிற்றின் ஒரு முனையை 07-ல் கட்டிவிட்டு, மறு முனையோடு உள்ளே நடந்தாள். வராந்தா ஏறி, ஹாலைத் தாண்டி, பூஜை அறை வாசலில் கயிறு தீர்ந்தது. அங்கே ஒரு கம்பைச் சாத்தினாள். அதில் 10 என்று எழுதியிருந்தது.

“வழி வெளியலதானம்மா? வூட்டுக்குள்ள ஏது சர்வே நம்பரு?”

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். வெளியே ஒரு பெரிய அலை வந்து விழுந்தது.

“சர்வே நம்பர் இல்ல சார், வருஷம். அந்தந்த வருஷம் கடல் நின்ன எடம். 07, இந்த வருஷம்” என்றாள். “இது, இன்னும் மூணு வருஷத்துல.”