பிடிபடாத கிருமி

“சார், விஷயம் தெரியுமா? நம்ம புரூஃப் ரீடர் தம்பிக்குக் குடல்ல அழற்சி நோயாம்!”

அச்சக அலுவலகத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. கணக்கு எழுதும் அக்காவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

புரூஃப் ரீடருக்கு ரத்தம் கொதித்தது. நேற்று சாயந்திரம்தான் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அதுவும் அழாத குறையாக.

அவன் மேஜை வாசலோரம். பாத்ரூம் கடைசி மூலையில். அவசரத்தில் அவன் ஓடும்போதெல்லாம் மேனேஜர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நேர்முக வர்ணனை செய்வார். பாத்ரூம் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மேஜையைக் கேட்டு அவன் மூன்று தடவை கெஞ்சிவிட்டான்.

“ஒருத்தருக்குச் சலுகை கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க” என்று பெருந்தன்மையோடு மறுத்தவர், நேற்று ஒரே போடாகப் போட்டார்: “இன்னொரு தடவை நடுவுல எழுந்து ஓடினா வேற வேலை பார்த்துக்கோங்க.”

இப்போது விரலை நாக்கில் தொட்டுக் காகிதம் புரட்டியபடி, “அதுக்கென்ன இப்போ?” என்றார்.

அக்கா செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். “இதைப் பாருங்க. ஏதோ பாக்டீரியா காரணமா இருக்கலாமாம். ஆராய்ச்சி பண்றாங்க.”

விரல் நாக்கருகே நின்றது. “எந்த பாக்டீரியா?”

“அதுதான் இன்னும் பிடிபடலையாம் சார்.”

“பிடிபடலையா! அப்போ இங்கதான் எங்கேயாவது சுத்திக்கிட்டு இருக்குமா?”

“சார், இது ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டார்...” புரூஃப் ரீடர் எழுந்தான்.

“அங்கேயே நில்லுங்க!” மேனேஜர் நாற்காலியோடு பின்னால் உருண்டார். “ஏம்மா, ஒட்டுமா?”

“நான் என்ன டாக்டரா சார்?” அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

டீ ஆறுவதற்குள் உத்தரவு பிறந்துவிட்டது. “அவர் அந்தக் கடைசி மேஜைக்குப் போகட்டும். அந்த பாத்ரூம் இனி அவருக்கு மட்டும். நாம மாடிக்குப் போய்க்கலாம். அவர் எழுந்தா யாரும் வழியில நிக்காதீங்க, ஒரு வார்த்தை கேக்காதீங்க!”

மருத்துவ அறிவியலுக்குத் தன்னால் ஆனதைச் செய்த திருப்தியில் மேனேஜர் மறுபடி விரலை நாக்கில் தொட்டார்.

புரூஃப் ரீடர் தன் சாமான்களை அள்ளிக்கொண்டு புது மேஜைக்கு வந்தான். அவமானத்தில் காது சுட்டது. யாரும் கிட்டே வரவில்லை, அக்காவைத் தவிர.

“உங்களை நம்பித்தானேக்கா சொன்னேன்?”

அக்கா அவனுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய் வைத்துக் குடித்தாள்.

“ஒட்டாதுன்னும் அந்தச் செய்தியிலயே போட்டிருக்கு, தம்பி. அந்த வரியை மட்டும் நான் காட்டல. திட்டணும்னா திட்டிக்கோ. நீ மூணு தடவை அவர்கிட்ட இரக்கம் கேட்டே. இல்லாததைக் கேட்டா அவர் எங்கேயிருந்து கொடுப்பார்? பயம்தான் நிறைய வச்சிருந்தார். நான் அதைக் கேட்டு வாங்கினேன்.”