அவள் கைக்கு வந்த தட்டி

தட்டியைக் கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அது அவளுடையது.

ஒட்டடைக் கம்பு. அதில் தைத்த தலையணை உறை. பச்சைச் சாயத்தில் அவளே எழுதிய கோணல் எழுத்து.

என் மகன் எங்கே?

அதற்கு மேலே மட்டும் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அண்டை நாட்டு அதிபரே, என்று.

பசை இன்னும் காயவில்லை.

போன ஆடியில் இதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்ற வாசலில் ஒற்றை ஆளாக நின்றாள். கல்லூரிச் சுவரில் ஏதோ எழுதினான் என்று மகனைத் தூக்கிப் போயிருந்தார்கள். எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவன் எங்களிடம் இல்லவே இல்லை என்றார்கள்.

ஏட்டு பூவராகன்தான் வந்து தட்டியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அவள் மணிக்கட்டு பிசகிவிட்டது.

இன்றைக்கு அதே ஏட்டுதான் கொடுக்கிறார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். அண்டை நாட்டில், ஊர்வலம் போன பிள்ளைகளைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து இந்த நாட்டுத் தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. தொலைக்காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், இளகிய மனசு.

மக்கள் தாமாகவே பொங்கி எழ வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டுக்கு ஒருவர். காலை பத்து மணிக்கு, தலைவரே வந்து பேசும் மேடைக்கு முன்னால்.

பொங்குவதில்தான் சிக்கல். இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து நிற்பதே குற்றம். கல்யாணப் பந்தலுக்கே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். கோஷம் எப்படிப் போடுவது என்பது மக்களுக்கு மறந்தே போயிருந்தது. தட்டி எழுதுகிறவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

கடைசியில் காவல் நிலையத்துப் பின்னறையைத் திறந்தார்கள். பறித்துப் போட்ட தட்டிகள் கூரை முட்டக் கிடந்தன. காகிதம் ஒட்டினால் ஆயிற்று.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். அவர் தட்டியில், எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் விடு, என்று இருந்தது. அதையும் அண்டை நாட்டு அதிபரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைத் தொடங்கி வைக்க ஏட்டு கையை உயர்த்தினார்.

கூட்டம் சிதறி ஓடியது. பழக்கம்.

செருப்புகள் மட்டும் நின்றன.

ஏட்டு மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினார்.

"ஓடாதீங்கம்மா. இன்னைக்கு அடிக்க மாட்டோம்."

அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள். கோஷம் போடச் சொன்னதற்குக் கொஞ்சம் முனகினார்கள்.

அவள் தன் எழுத்தை ஒருமுறை மனசுக்குள் வாசித்தாள்.

பிறகு வாய்விட்டு வாசித்தாள்.

அடி விழவில்லை.

இன்னொரு முறை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஏட்டு தலையாட்டினார். அப்படித்தான், அப்படித்தான் என்கிற மாதிரி.

என் மகன் எங்கே? என் மகன் எங்கே?

கூட்டம் பிடித்துக்கொண்டது. சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பல வீடுகளில் மனப்பாடமாக இருந்த கேள்வி.

மேடையில் இருந்த தலைவர் உருகிவிட்டார். அவளை மேலே வரவழைத்தார். எல்லை தாண்டிப் படிக்கப் போன பிள்ளை என்று நினைத்துக்கொண்டார் போலும். கேமராக்கள் திரும்பின. மகன் பெயர் என்ன என்று கேட்டார்.

தனபால் என்றாள்.

எந்த ஊர்ச் சிறை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மேடைக்குக் கீழே நின்ற அதிகாரிகளுக்கு வியர்த்தது. தனபால் யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைவர் பேசும்போது குறுக்கே பேசிய யாரும் இப்போது அவரவர் வீட்டில் இல்லை. அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். ஒரு தாயின் கேள்விக்குப் பதில் சொல்லாதவன் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டார். தனபாலை மீட்டு இந்தத் தாயிடம் ஒப்படைக்கும்வரை அல்வாவைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்தார்.

அவருக்கு அல்வா என்றால் உயிர்.

மறுநாள் அண்டை நாட்டிலிருந்து பதில் வந்தது. எங்கள் சிறைகளை எல்லாம் பார்த்துவிட்டோம், தனபால் என்று யாரும் இல்லை, உங்கள் பக்கமும் ஒரு தடவை பாருங்கள், என்று.

பத்திரிகைகள் முதல் பாதியை மட்டும் போட்டன. பச்சைப் பொய், என்று தலைப்பு.

அல்வா இல்லாமல் தலைவர் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். அதிகாரிகள் மூன்று பேர் அரண்மனை வராந்தாவில் கூடி மெதுவாகப் பேசினார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

ஏட்டு பூவராகன். தொப்பி கையில் இருந்தது.

உள்ளே வராமலே சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லைப் பாலத்தில் விழா. மேளம், மாலை எல்லாம் உண்டு. அண்டை நாட்டுச் சிறையிலிருந்து மீட்ட பிள்ளையைத் தலைவரே கைப்பிடித்து ஒப்படைக்கிறார். அவள் கட்டாயம் வர வேண்டும். அழவும் வேண்டுமாம்.

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஏட்டு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நம் ஊர்க் கைதி உடுப்போடு பாலத்தில் நிறுத்த முடியாது, புது உடுப்பு எடுக்கச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று இழுத்தார்.

"தம்பிக்குச் சட்டை என்ன அளவும்மா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போறப்ப நாப்பது. இப்ப நீங்கதான் சொல்லணும்."