பூச்சி எங்கே போகும்?

"உள்ளே மருந்து அடிச்சிருக்குன்னு உன்னை வெளியே உட்கார வச்சிட்டாங்களா பாப்பா?"

தோளில் இருந்த மருந்துத் தொட்டியை இறக்கிவிட்டு, பூச்சி மருந்துக்காரர் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தார். மூன்று படி கீழே, பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது.

"நாலாம் மாடிதானே?"

"ம். எல்லாப் பூச்சியும் போயிடுச்சா அங்கிள்?"

"ரெண்டு நாள் பொறு, ஒண்ணுகூட இருக்காது. உன் தம்பிக்குத்தானே இழுப்பு? உங்கம்மா சொன்னாங்க."

"மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வரும். அப்பா தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாரு." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பூச்சி வீட்டுல இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறக்கிறவர்கள் உண்டு. உட்காருங்கள் என்று சொல்கிறவர்கள் இல்லை. தினமும் ஏதாவது ஒரு படிக்கட்டில்தான் அவருக்கு மதியச் சாப்பாடு. இன்று பேச்சுக்கு ஆள் கிடைத்ததில் உற்சாகம் வந்துவிட்டது.

"பூச்சி போனா மட்டும் பத்தாது பாப்பா. அது விட்டுட்டுப் போற ஓடு, எச்சம் எல்லாம் தூசியாகி மூச்சுல ஏறும். மூலை முடுக்கு விடாம துடைச்சு எடுக்கணும்."

"அதோடது எதுவுமே இருக்கக் கூடாதா?"

"துளிகூட."

சிறுமி பையைத் திறந்து, உள்ளே இருந்தவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"போன பூச்சியெல்லாம் எங்க போகும் அங்கிள்?"

"சாகாம தப்பிச்சதா? வேற வீடு பாத்துக்கும்."

"அங்க சேத்துப்பாங்களா?"

சிரித்ததில் அவருக்குப் புரை ஏறியது. தலையில் தானே தட்டிக்கொண்டார். "பூச்சியை யாரு சேத்துப்பா? பூச்சி மருந்துக்காரனையே வாசல்ல நிக்க வச்சுத்தான் பேசுறாங்க!"

அவள் சிரிக்கவில்லை. "திரும்பி வந்துட்டா?"

"வராது. ஆறு மாசம் கேரண்டி குடுத்திருக்கேன்ல."

ஆறு மாதத்தை அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை போதவில்லை.

மேலேயிருந்து ஒரு பெண்ணின் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "பூச்சீ! பூச்சீ!"

"கேட்டியா? ஒண்ணு தப்பிச்சு ஓடுது போல. ஒரு பூச்சிக்கு உங்கம்மா என்னமா அலறுறாங்க பாரு! மருந்து அடிச்ச முதல் நாள் அப்படித்தான், பதுங்கினதெல்லாம் வெளியே வரும்."

சிறுமி சட்டென்று எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "என்னைப் பாத்தேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள்." இரண்டிரண்டு படியாக இறங்கத் தொடங்கினாள்.

"ஏய், தனியா எங்க ஓடுற? வெளியே வண்டி வருது!"

சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடி, பையை எட்டிப் பிடித்தார். பை வாயைப் பிளந்தது. இரண்டு கவுன்களும், ஒரு சீப்பும், பல் துலக்கும் பிரஷ்ஷும் படியில் விழுந்தன.

"வீட்டை விட்டா போற? யாராவது அடிச்சாங்களா?"

"யாரும் அடிக்கலை. எல்லாரும் நல்லவங்க."

அவள் பையை இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. மேலே குரல் ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"உங்கம்மாவைக் கூப்பிடுறேன் இரு. பேரு என்ன? வீட்டுல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவருக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"பூச்சி."