மலை சுத்தின தனம்

"இவளுக்கு ஞானஸ்நானம் வேணாம் ஃபாதர். நிறுத்திடுங்க."

சொன்னது வேற யாருமில்லை, அமலோற்பவம். தனத்துக்கு ஞானத்தாயா நிக்கிறேன்னு தானாவே முன்வந்து ஒத்துக்கிட்டவ.

எண்பத்து மூணாம் வருஷ ஈஸ்டர் அது. சனிக்கிழமை ராத்திரிப் பூசையில தனத்துக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதா ஏற்பாடு.

போன வருஷம் ஃபாதர் கேள்வி கேட்டப்ப, விசுவாசப் பிரமாண ஜெபத்துல பாதியிலேயே திக்கி நின்னுட்டா தனம். அடுத்த ஈஸ்டருக்குப் பாக்கலாம்னு அனுப்பிட்டாரு. இந்த வருஷம் மாவாட்டும்போதும் தண்ணி எடுக்கும்போதும் அதையே முணுமுணுத்து, முந்தாநாள் ஞாயித்துக்கிழமைதான் ஒரு வார்த்தை பிசகாம ஒப்பிச்சுப் பாஸானா. அப்பலேருந்து அவளுக்குக் கால் தரையில நிக்கலை. பாத்தவங்களையெல்லாம் சனிக்கிழமை வந்துடுங்கன்னு கூப்பிட்டுக்கிட்டுத் திரிஞ்சா.

அதுக்குள்ள இது.

நேத்து பவுர்ணமி. சாயந்திரம் செங்கம் ரோட்டுல பஸ்ல வந்த அமலோற்பவம் ஜன்னல் வழியாப் பாத்திருக்கா. மலை சுத்துற கூட்டத்துல வெறுங்காலோட தனம். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு மாமியார் காசியம்மாள்.

ஃபாதர் தனத்தைப் பாத்தாரு. "போனியாம்மா?"

"போனேன் ஃபாதர். பொழுது சாஞ்சா அத்தைக்குக் கண்ணு தெரியாது. வேண்டுதல் இருக்கு, கூட வான்னாங்க. தனியா எப்படி விடறது?"

"என்ன வேண்டுதல்?"

"கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு, மருமவ மனசு மாறி வீட்டோட கிடக்கணும்னுதான் அந்தம்மா வேண்டியிருக்கும், இவளும் அதுக்குத் துணை போயிருக்காளேன்னு அமலோற்பவம் பொரிஞ்சு தள்ளினா. தனத்துக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான். இன்னொரு வருஷம் காத்திருக்கணுமோன்னு நினைச்சதும் கண்ணு நிறைஞ்சு போச்சு.

மருமவ கூடவே வந்த காசியம்மாள் சர்ச் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. ஃபாதரே எழுந்து போய்க் கேட்டாரு.

"வேண்டுதலை வெளியில சொல்லக் கூடாது சாமி. செஞ்சு முடிச்சாச்சு, இனிமே சொன்னா என்ன?"ன்னா காசியம்மாள். "போன வருஷம் நீங்க திருப்பி அனுப்பினதுலேருந்து இவ சரியா சோறே திங்கலை. இந்த வருஷமாச்சும் உங்க பரிட்சையில இவ பாஸாயிடணும்னு அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கிட்டேன். பாஸாக்கிட்டாரு. அதான் சுத்திட்டு வந்தேன்."